மூட்டையிலிருந்து உருவிய அழைப்பு

பத்தொன்பது வருடம், கிட்டத்தட்ட இருபதாயிரம் தீ. அத்தனைக்கும் வண்டி அனுப்பியவர் அதில் ஒரு தீயைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்திருந்தாலும் எதிர்ச்சுவர்தான் தெரிந்திருக்கும். அவர் அறிந்த தீயெல்லாம் காதுவழி வந்த தீதான்.

அறையில் அவருக்கு ‘எங்கேக்கா’ என்று பெயர். தொலைபேசியை எடுத்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன ஆச்சு’ அல்ல, ‘எங்கே’. என்ன ஆயிற்று என்று தெரியாமல்கூட வண்டியை அனுப்பிவிடலாம். எங்கே என்று தெரியாமல் ஒரு சக்கரமும் நகராது. பேசுகிறவரின் மூச்சோ போனின் சார்ஜோ பாதியில் தீர்ந்துபோனாலும் இடம் மட்டும் கையில் இருக்க வேண்டும். தொழிலுக்கு நல்ல பழக்கம். வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை. சமையலறையிலிருந்து மகள் “அம்மா, பால் பொங்குது!” என்று கத்தினால் குளியலறையிலிருந்து “எங்கே?” என்று குரல் வரும்.

“பக்கத்து ஊர்ல. ரெண்டு வண்டி அனுப்பு” என்பாள் மகள்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் தன் பங்குக்கு, “நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லக்கூட பயமா இருக்கு. எந்தத் தெருன்னு கேப்பா” என்பார்.

அக்கா ஆசைப்பட்டது இந்த நாற்காலிக்கு அல்ல. அதற்கு முன் ஆறு வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தார். அங்கேதான் கூட்டத்தின் குணத்தைக் கற்றுக்கொண்டார்: கூட்டம் முதல் இரண்டு வார்த்தையைத்தான் கேட்கும், மிச்சத்தைத் தானே கற்பனை செய்துகொண்டு ஓடும். பிறகு தீயணைப்பு வீரராகச் சேர விண்ணப்பித்தார். ஓட்டம் தேறியது, எடை தூக்குவது தேறியது. ஏணியில் நாலாவது படியில் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அங்கே நின்றபடியே, தன்னை எப்படி இறக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கீழே இருந்தவர்களுக்கு அவர் உத்தரவு போட்டார்.

தேர்வு நடத்திய அதிகாரி சிரித்துவிட்டார். “காலுதாம்மா நடுங்குது, குரல் நடுங்கல. நீ உள்ள போய் உட்காரு.”

உள்ளே வந்தவர்தான்.

அந்த அறையைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு கோபம் உண்டு. “கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, வண்டிய அனுப்புங்க சார்!” என்று கத்தாத ஆள் இல்லை. நியாயமான கோபம், தப்பான இடம். அங்கே இரண்டு வரிசை மேசைகள். முன்வரிசையில் அழைப்பை எடுப்பவர்கள், பின்வரிசையில் வண்டி அனுப்புபவர்கள். எடுப்பவர் தெருப் பெயரைத் தட்டச்சு செய்யும்போதே அது பின்வரிசைத் திரையில் ஓடும். அதைப் பார்த்து அனுப்புபவர் அருகிலுள்ள நிலையத்தில் மணியை அடித்துவிடுவார். கூப்பிட்டவர் கத்தி முடிப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும். மிச்சக் கேள்விகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்காக.

அக்கா பின்வரிசை. அவருக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் வாத்தியார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் வாத்தியார். எத்தனை பேர் அலறினாலும் “மெதுவா, மெதுவா, பிரேக்ல கால் வைங்க” என்கிற குரலில் பேசுவார். இரண்டு வரிசைக்கும் பக்கத்தில் உயரமான மேடையில் பொறுப்பு அதிகாரி. எல்லாருக்கும் அவர் மேடம். ஏ.சி. குளிருக்குச் சால்வை போர்த்தியிருப்பார். சால்வை தோளிலிருந்து இறங்கினால் யாருக்கோ வசவு நிச்சயம்.

பெரிய தீ என்றால் இந்த அறைக்கு ஒரு தனிச் சங்கடம். வானத்தில் புகை ஏறியவுடன் ஊரே போனை எடுக்கும். நூறு பேர் ஒரே தீயைச் சொல்வார்கள். நூறுக்கும் வண்டி அனுப்ப முடியுமா? அதனால் முதல் அழைப்பைத் தவிர மற்றதையெல்லாம் அதனோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ‘மூட்டைல போடு’ என்பது அறையின் பேச்சு. மூட்டைக்குள் போன அழைப்பை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருக்காது.

ஒரு முறை அக்கா ஒரு மூட்டையைப் பிரித்தார். ஒரு அழைப்பு மட்டும் இடம் இடிக்கிறதே என்று அதற்குத் தனியாக ஒரு வண்டியை அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் தோட்டத்துச் சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கும் உட்கார இடம் காட்டினாராம். அந்த நேரத்தில் அந்தப் பகுதிக்கு மிச்சமிருந்த ஒரே வண்டி அதுதான். வேறு தீ பிடிக்காதது அதிர்ஷ்டம்.

மேடத்தின் சால்வை இறங்கியது. “இந்தாம்மா, மூட்டையைப் பிரிக்கணும்னா என்கிட்ட கேட்டுட்டுப் பிரி. இன்னொரு தடவை இப்படி நடந்தா உன்னை அந்த மேசையிலிருந்து தூக்கிடுவேன். பழைய கோப்பு அறைல ஆள் கேக்கறாங்க.”

அக்காவுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கோப்பு அறையில் யாரும் யாரையும் ‘எங்கே’ என்று கேட்பதில்லை.

அது முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம், ரயில் பாதையை ஒட்டிய மெத்தைக் கிடங்கில் தீப் பிடித்தது.

மெத்தைக்குள் இருக்கும் பஞ்சுநுரை எரிந்தால் தாரைக் காய்ச்சி வானத்தில் ஊற்றியதுபோலப் புகை கிளம்பும். முன்வரிசையின் அத்தனை மேசையிலும் விளக்கு எரிந்தது. ஒன்றை எடுத்து வைத்தால் இரண்டு காத்திருந்தது. அக்கா பக்கத்து நிலையங்களை முதலில் காலி செய்தார், பிறகு அடுத்த சுற்று நிலையங்களை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே பாட்டு: “மேற்குப் பக்கமா வாங்க. காத்து மேற்கிலிருந்து அடிக்குது, புகை கிழக்கே போகுது. கிழக்கு கேட்டுக்குப் போகாதீங்க.” புகையின் வாயில் போய் நிற்கும் வண்டியால் யாருக்கும் பயனில்லை.

முன்னால் வாத்தியாரின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. “ஆமாங்க, கிடங்குதான். வண்டிங்க வந்தாச்சு. நன்றி. வணக்கம்ங்க, ஆமா, கிடங்குதான்.” எல்லாம் மூட்டைக்கு.

அக்காவின் திரையில் மூட்டைக்குள் விழும் வரிகள் மேலிருந்து கீழே ஓடின. அவர் வாசிக்கவில்லை, கண் சும்மா மேய்ந்தது. அப்படி மேய்ந்த கண் ஒரு வரியில் தட்டி நின்றது.

‘அச்சகத் தெரு. மாடியில் தையல் வகுப்பு. கிடங்குப் புகை உள்ளே வருகிறதாம். ஜன்னல்களைச் சாத்தி உள்ளேயே இருக்கச் சொன்னேன்.’

சரியான பதில்தான். தூரத்துத் தீயின் புகை வீட்டுக்குள் வந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த வரி அதன் தலைமேல் வந்து விழுந்தது. அக்கா ஒரு வண்டிக்கு, “மேற்குப் பக்கமா வாங்க, அச்சகத் தெரு முனைல நிறுத்தி...” என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

“வாத்தியாரே.”

“ஒரு நிமிஷம்க்கா... ஆமாங்க, கிடங்குதான்...”

“வாத்தியாரே! அச்சகத் தெரு கிடங்குக்கு எந்தப் பக்கம்?”

“மேற்கால. நாலு தெரு தள்ளி.” வாத்தியார் திரும்பாமலே சொன்னார். “ஏன்?”

“புகை எந்தப் பக்கம் போகுது?”

இப்போது வாத்தியார் நாற்காலியோடு திரும்பினார். அவர் வாய் திறந்திருந்தது. “அந்தம்மாதான்க்கா சொன்னாங்க... கிடங்குப் புகைன்னு. ‘நிறையப் பேர் சொல்லியிருப்பாங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க’ன்னு வேற சொன்னாங்க.”

அந்த மாடி ஜன்னல் வழியே தூரத்தில் கரும்புகை தெரிகிறது, அறைக்குள் புகை வாசனை வருகிறது. அவளும் இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டாள். காற்றுக்கு எதிரே நாலு தெரு நடந்து வர எந்தப் புகைக்கும் காலில்லை. அந்தப் புகை அந்தக் கட்டடத்திலேயே பிறந்தது. அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அங்கேயே இருங்கள் என்று இந்த அறையே சொல்லியிருக்கிறது.

அக்கா கையை உயர்த்தினார். “மேடம், மூட்டைல ஒண்ணைப் பிரிக்கணும்.”

மேடம் ஒரு காதில் தலைமையகத்தையும் மறு காதில் மின்வாரியத்தையும் வைத்திருந்தார். இரண்டையும் இறக்கினார். சால்வையும் இறங்கியது. “மறுபடியுமா?”

அக்கா காற்றைச் சொன்னார், தெருவைச் சொன்னார். “அனுப்பறதுக்கு ஏழாம் வண்டி ஒண்ணுதான் இருக்கு. கிடங்குக்குப் போய்ட்டிருக்கு. இன்னும் பாலத்துக்கு வரல.”

பாலம் தாண்டினால் சாலை பிரியும். இடது கை கிடங்குக்கு, வலது கை அச்சகத் தெருவுக்கு. இடதில் திரும்பிவிட்டால் கூட்ட நெரிசலில் அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப முடியாது.

“களத்துல தண்ணி பத்தலன்னு கத்தறாங்க. அந்த வண்டியை நீ வலது பக்கம் அனுப்பி, அங்கயும் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தா?” மேடம் யோசித்தது ஒரு மூச்சுதான். “அந்தம்மாவைத் திருப்பிக் கூப்பிடு. வண்டி பாலம் தாண்டறதுக்குள்ள எனக்கு உறுதியாத் தெரியணும். தெரியலன்னா இடது.”

அக்கா கூப்பிட்டார். எதிர்முனை வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். அதே. திரையில் ஏழாம் வண்டியின் புள்ளி பாலத்தின்மேல் ஏறியது.

ஏழாம் வண்டியின் ஓட்டுநருக்குக் குறட்டை என்று பெயர். நிலையத்தில் அவர் தூங்கினால் மணி அடிப்பதே மற்றவர்களுக்குக் கேட்காதாம். பதினோரு வருடமாக வண்டி வானொலியில் பேசிக்கொள்ளும் அவரும் அக்காவும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

மூன்றாவது முறை. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. புள்ளி பாலத்தின் மறுமுனைக்கு வந்துவிட்டது.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வானொலிப் பொத்தானை அழுத்தினார்.

“ஏழு, வலது.”

“கிடங்கு இடதுல்ல?”

“வலதுண்ணே. அச்சகத் தெரு. மாடில ஆளுங்க இருக்காங்க. ஏணி வேணும்.”

ஒரு நொடி இரைச்சல். “வலது” என்றார் குறட்டை. திரையில் புள்ளி வலப்பக்கம் சாய்ந்தது.

 மேடம் வாயைத் திறப்பதற்குள், கிடங்கில் தீயணைப்பை நடத்தும் களத் தலைவர் வானொலியில் வந்துவிட்டார். “ஏழு எங்க? எனக்குத் தண்ணி வேணும்!”

“ஏழு வராது சார். வேற தீ.”

“வேற எந்தத் தீ? நான் நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா வானத்துல ஒரே ஒரு புகைதான் இருக்கு!”

“அது மறைக்குது சார்” என்றார் அக்கா. அதே நேரம் காதில் மணி நின்றது. எதிர்முனையில் ஒரு பெண் இருமினாள். தையல் வகுப்பு நடத்தும் டீச்சர்.

“ஹலோ... ஜன்னலைச் சாத்திட்டோம்ங்க. ஆனா புகை கூடுதே தவிரக் குறையல.”

“டீச்சர், நான் சொல்றதை மட்டும் செய்ங்க. படிக்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கா? அதைத் திறக்காதீங்க. புறங்கையால தொட்டுப் பாருங்க.”

காலடிச் சத்தம். பிறகு “அம்மா!” என்று ஒரு அலறல். “சுடுது! கதவு சுடுது!”

அக்கா எழுந்து நின்று அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “கதவு சுடுதாம்.” பேருந்து நிலையக் குரல். முன்வரிசையில் ஐந்து தலைகள் ஒன்றாகத் திரும்பின.

மேடம் சால்வையைச் சுருட்டி நாற்காலியில் எறிந்தார். “இது தனித் தீ. களத்துலேர்ந்து ஒரு வண்டியை நான் கழட்டறேன். நீ அவங்களை விடாதே.”

“டீச்சர், எத்தனை பேர் இருக்கீங்க?”

“என்னோட சேர்த்துப் பதினொண்ணு. கதவைத் திறந்துட்டு ஒரே ஓட்டமா ஓடிடட்டுமா?”

“ஓடக் கூடாது. தீ படிக்கட்டுலதான் இருக்கு. உங்ககிட்ட துணி இருக்கில்ல?”

“தையல் வகுப்புங்க இது. துணிதான் இருக்கு.”

“தண்ணியில நனைச்சுக் கதவு இடுக்குல திணிங்க. கீழ, பக்கத்துல, எங்கெல்லாம் புகை வருதோ அங்கெல்லாம்.”

“எல்லாம் ஆர்டர் துணி... நாளைக்கு டெலிவரி...”

“நான் வந்து தைச்சுத் தரேன். திணிங்க!”

அந்த நிலையிலும் அங்கே யாரோ சிரித்த சத்தம் அக்காவுக்குக் கேட்டது. சிரிப்பு வந்தால் பயம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். அடுத்ததைச் சொன்னார்: “தெருப் பக்கத்து ஜன்னலைத் திறங்க. முன்னாடி சாத்தச் சொன்னோம், அது எங்க தப்பு. இப்ப திறங்க. எல்லாரும் அதுக்குக் கீழ தரையோட உட்காருங்க. இருக்கறதுலயே கண்ணைப் பறிக்கிற கலர் துணி எது?”

“ஆரஞ்சு. நிச்சயமா ஆரஞ்சு.”

“முழு நீளத்துக்கும் ஜன்னல்ல தொங்க விடுங்க.”

வானொலியில் குறட்டை: “அச்சகத் தெரு வந்தாச்சு. எந்தக் கட்டடம்? எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு.”

“ஆரஞ்சுத் துணி தொங்குதாண்ணே?”

“பந்தல் போட்ட மாதிரி தொங்குது!” அவர் குரல் மாறியது. “கீழ படிக்கட்டு வாயிலேர்ந்து புகை கக்குது. மீட்டர் பெட்டி எரியுது. தெருவுல ஒருத்தரும் இல்ல, எல்லாரும் முனையில நின்னு கிடங்கைப் பாத்துட்டிருக்காங்க. ஏணி ஏத்தறோம்.”

அதற்குப் பிறகு அக்கா பேசியது முழுவதும் ஏணியைப் பற்றி. “முதல்ல ஒருத்தர் போங்க. கீழ பாக்காதீங்க, கையைப் பாருங்க. ஒரு கை பிடிச்ச பிறகுதான் அடுத்த கால். உங்க பின்னாடி ஒருத்தர் கூடவே இறங்குவார்.” நாலாவது படியில் ஒருத்தி உறைந்துபோய் நின்றுவிட்டதாக டீச்சர் சொன்னாள். “நிக்கட்டும், திட்டாதீங்க” என்றார் அக்கா. “இடது கால் மட்டும்னு சொல்லுங்க. முழு ஏணியையும் சொல்லாதீங்க. இடது கால் மட்டும்.” இறங்கினாள்.

குறட்டை ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னார். முன்வரிசையில் ஆட்கள் போனில் பேசிக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பிறகு எதுவும் வரவில்லை.

“டீச்சர், நீங்க?”

“மெஷினோட சுவிட்ச்செல்லாம் அணைச்சிட்டு வரேன்...”

“டீச்சர்!” பத்தொன்பது வருடத்தில் அக்கா கத்தியது அந்த ஒரே தடவைதான் என்று வாத்தியார் இன்றும் சத்தியம் செய்கிறார். “இறங்குங்க!”

போன் துண்டானது. 

“பதினொண்ணு” என்றார் குறட்டை. “பதினொண்ணும் தரையில. கடைசியா வந்த அம்மா கையில அளவு நாடாவோட இறங்குது. கோப்பு மூடலாம்க்கா, எல்லாம் நல்லபடியா இருக்காங்க.”

முன்வரிசை கைதட்டியது. அழைப்பில் இருந்த இருவர் மேசையைத் தட்டினார்கள். தொலைபேசியில் இருந்த யாரோ ஒருவர், “இங்க தீப் பிடிச்சு எரியுது, நீங்க அங்க கை தட்டறீங்களா?” என்று சண்டைக்கு வந்தார். வாத்தியார் அவரிடம், “கிடங்குதானே? வண்டி வந்தாச்சு சார்” என்றார். சொல்லிவிட்டு நிறுத்தி, “ஒரு நிமிஷம். நீங்க இருக்கிற வீட்டுக்குள்ள புகை இருக்கா?” என்று கேட்டார். இல்லையாம்.

வாத்தியார் அக்கா பக்கம் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. “நான்தான்க்கா சாத்தச் சொன்னேன்.”

“நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் வாத்தியாரே. போனை எடுங்க, ரெண்டு விளக்கு எரியுது.”

மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அப்படி வருவது அபூர்வம். “உறுதியாத் தெரிஞ்ச பிறகு திருப்புன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க மேடம்.”

“தெரியறதுக்கு முன்னாடியே திருப்பிட்ட.”

“ஆமா மேடம். பாலம் முடிஞ்சுபோச்சு.”

“நான் சொன்னபடி செஞ்சிருந்தா...” மேடம் அதை முடிக்கவில்லை. அக்காவின் தோளில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. “கோப்பு அறைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, களத் தலைவரிடம் பேசப் போனார். அவர் பேசியது எல்லாருக்கும் கேட்டது: “ஆமா சார், ரெண்டு தீ. எங்க ஆள் கண்டுபிடிச்சா. ஜன்னல் இல்லாத அறையிலேர்ந்து.”

பணி முடியும் நேரத்தில் கணவரிடமிருந்து போன். பள்ளி வேனோடு பாலத்துப் பக்கம் நெரிசலில் மாட்டியிருந்தார். வேனுக்குள் பிள்ளைகளின் கூச்சல் காதைத் துளைத்தது.

“உன் வண்டி ஒண்ணு எங்களை ஒதுக்கித் தள்ளிட்டுப் போச்சு பாரு, என்னா வேகம்! எல்லாரும் இடது பக்கம் போனா அவன் மட்டும் வலது பக்கம் திரும்பறான். வழி தெரியாதவன் போல. பசங்க கூடச் சிரிச்சாங்க.”

அக்கா சால்வையில்லாத மேடத்தையும், மேசையில் சாய்ந்து தண்ணீர் குடிக்கும் வாத்தியாரையும் பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, அடக்க முடியவில்லை.

“ஏன் சிரிக்கற?”

“வீட்டுக்கு வந்து சொல்றேங்க. பெரிய கதை.”

மெத்தைக் கிடங்கு மறுநாள் மதியம்வரை புகைந்தது. அதில் யாருக்கும் காயமில்லை. அந்த வாரமே அறையில் முறை மாறியது. வீட்டுக்குள் புகை இருக்கிறது என்று சொல்லும் எந்த அழைப்பும் இப்போது மூட்டைக்குப் போவதில்லை. கதவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மூட்டையைப் பிரிக்க அனுப்புபவர் யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை.

தையல் வகுப்பு வரும் திங்கட்கிழமை அடுத்த தெருவில் திறக்கிறது. தரைத்தளம், இரண்டு வாசல்.